பத்து வருஷ இடைவெளிக்குப் பிறகு குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர்: எதை வாங்குவது, எங்கே பணம் வீணாகும்

கேள்வி இது: 2015-ல் கடைசியாகச் சொந்தமாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ஐ5 4460 பிராசசர், 8 ஜிபி டிடிஆர்3 ரேம், 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 960 கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), 1 டிபி ஹார்ட் டிஸ்க். அதன் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. இப்போது புது விளையாட்டுகள் 1080பி-யில் (1920×1080 திரைத் தெளிவில்) நன்றாக ஓட வேண்டும், செலவு கைமீறக் கூடாது. பழையதில் எதை வைத்துக்கொள்ளலாம், புதிதாக எதை வாங்கலாம்?

பூட்டுகிற வேலை பெரிதாக மாறவில்லை. ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் ஒரு மாலைப்பொழுதும் இன்றைக்கும் போதும். மாறியிருப்பது பாகங்களுக்கு இடையே உள்ள பொருத்தம். அப்போதெல்லாம் விலை குறைந்த பாகம் வாங்கினால் வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இப்போது தனித்தனியே பார்த்தால் குறை சொல்ல முடியாத இரண்டு பாகங்கள், ஒரே பெட்டிக்குள் சேர்ந்ததும் ஒன்றின் வேகத்தை மற்றது விழுங்கிவிடும். குறைந்த பட்ஜெட்டில் பணம் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் கீழே "எந்த மாடல்" என்பதைவிட "எதோடு எது" என்பதைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் பழைய பெட்டி. டிடிஆர்3 ரேம் இன்றைய எந்த மதர்போர்டிலும் ஏறாது. ஐ5 4460-ஐ விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது. இன்டெலில் 8-ம் தலைமுறை, ஏஎம்டியின் ரைசனில் 2000 வரிசை, அதற்கு மேல்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதையும் என்விடியா அதே மாதத்தோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே போர்டு, பிராசசர், ரேம், கார்டு நான்கும் போகட்டும். ஹார்ட் டிஸ்க்கைப் படம், பாட்டு, பேக்கப் வைக்க மாட்டிக்கொள்ளலாம். அதில் விளையாட்டை நிறுவ வேண்டாம். கேபினெட்டின் முன்பக்கம் காற்றுப் புகும்படி வலையாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் மூடிய பிளாஸ்டிக் தகடாக இருந்தால் இன்றைய கார்டு உள்ளே வெந்துவிடும். உள்ளே கார்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்பதையும் அளந்து பாருங்கள். அந்தக் காலக் கேபினெட்டுகளில் ஹார்ட் டிஸ்க் கூண்டு நடுவில் நின்று வழியை மறிக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸில்தான் பலருக்கு மனசு வராது: "நன்றாகத்தானே ஓடுகிறது, 500 வாட் போதுமே" என்று தோன்றும். வேண்டாம். பத்து வருஷம் ஓடியதில் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் தேய்ந்திருக்கும். இன்றைய கார்டுகள் சில மில்லி விநாடிக்குத் தங்கள் சராசரியைவிட மிக அதிகமாக மின்சாரம் இழுக்கும். ஜிடிஎக்ஸ் 960 காலத்து மலிவு எஸ்எம்பிஎஸ் அந்த உதையைத் தாங்காமல் விளையாட்டின் நடுவே அணைந்துவிடும். அணைந்தால்கூடப் பரவாயில்லை, பாதுகாப்புச் சுற்று சரியில்லாதது போகும்போது மற்ற பாகத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

புதிது வாங்கும்போது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை நம்பாதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே போட்டிருக்கும் ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 45 ஆம்பியர் என்றால் 540 வாட். அது நேர்மையான 550 வாட் எஸ்எம்பிஎஸ். அதே 550 என்று அச்சிட்டு 12 வோல்ட்டில் 30 ஆம்பியர்தான் என்றால், கார்டுக்கும் பிராசசருக்கும் உண்மையில் கிடைப்பது 360 வாட். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும். பாதுகாப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கீழே சொல்லும் கார்டுகளுக்கு 550 போதும், 650 இருந்தால் அடுத்த கார்டுக்கும் இடம் இருக்கும். குறைந்தது 5 வருஷ வாரண்டி தருவதாகப் பாருங்கள். இன்னொன்று: கழற்றக்கூடிய கேபிள் உள்ள மாடலாக இருந்தால், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. அதே நிறுவனமாக இருந்தாலும் கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையின் கம்பி வரிசைக்குப் பொது விதி கிடையாது. முனை அழகாகப் பொருந்தும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டி புகைந்துவிடும்.

இனி கார்டு. மொத்தத் தொகையில் ஏறத்தாழ 40 சதவீதத்தை இதற்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மற்றவற்றுக்குப் பிரியுங்கள். பிராசசரில் தொடங்கி மேலே மேலே போய்விட்டு மீதிக்குக் கார்டு பார்ப்பதுதான் வழக்கமான தவறு.

கார்டில் பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, அதன் சொந்த நினைவகம். 1080பி-க்கும் 8 ஜிபி இப்போது அடித்தளம்தான். அது நிரம்பினால் என்ன ஆகும்? இடமில்லாத டெக்ஸ்சர்கள் (பொருட்களின் மேல் ஒட்டும் படங்கள்) கம்ப்யூட்டரின் ரேமில் போய் உட்காரும். தேவைப்படும்போதெல்லாம் கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐஇ பாதை வழியாக வந்து போகும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) எண் நன்றாகவே தெரியும். ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் வெட்டும், அல்லது சுவர்கள் களிமண் பூசியதுபோல மங்கலாக நிற்கும். டெக்ஸ்சர் அளவை ஒரு படி குறைத்தால் சரியாகிவிடும். அதைக் குறைக்க மனமில்லாதவர் 12 அல்லது 16 ஜிபி கார்டுக்குப் போக வேண்டும்.

இரண்டு, ரே டிரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள். இது அழகுக்காகக் கேட்பதல்ல. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் இந்த வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது. செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1080, ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி போன்றவை மலிவாகக் கிடைக்கும். பழைய விளையாட்டுகளுக்கு இன்னும் வேகமானவைதான். ஆனால் புதியவை வேண்டும் என்று கேட்கிறவருக்கு அவை சரிப்படாது.

மூன்று, லேன் எண்ணிக்கை, அதாவது அந்தப் பிசிஐஇ பாதையில் எத்தனை தடம் என்பது. பெட்டியில் எங்கும் பெரிதாக எழுதியிருக்க மாட்டார்கள். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஆர்க் பி580 எல்லாம் நீளமான முனையோடு வந்தாலும் 8 லேன்களில்தான் பேசும். பிசிஐஇ 4.0 போர்டில் அந்த 8 லேன் நொடிக்குச் சுமார் 16 ஜிபி கடத்தும். 3.0 போர்டில் பாதி, சுமார் 8. நினைவகம் நிரம்பாதவரை வித்தியாசம் சில சதவீதம்தான். நிரம்பிய நொடியில் இடிக்கும். ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இன்னும் மோசம், வெறும் 4 லேன். அவற்றில் 4 ஜிபி மாடலைப் பழைய 3.0 போர்டில் போடுவது காசைக் கரைப்பது.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் குறுகிய பட்டியல் தானாக வரும். மிகக் குறைந்த செலவுக்கு ஆர்எக்ஸ் 6600: 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 முனை கேபிள். செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி நல்ல தேர்வு: 16 லேன் முழுதும் உண்டு, டிஎல்எஸ்எஸ்ஸும் (விளக்கம் கீழே) உண்டு, 170 வாட். புதிதில் ஆர்க் பி580 12 ஜிபி, 190 வாட். இதற்கு மட்டும் ஒரு நிபந்தனை: ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுகுவது) வசதி போர்டில் இருந்தாக வேண்டும், பிராசசரும் ரைசன் 5600 அல்லது ஐ5 12400 அளவிலாவது இருக்க வேண்டும். ரைசன் 2600, 3600 போன்றவற்றோடு சேர்த்தால் அதன் டிரைவர் பிராசசரை அதிகம் வேலை வாங்கி, சில விளையாட்டுகளில் விலை குறைந்த கார்டிடமே தோற்கும். கொஞ்சம் கூட்டிப் போட முடிந்தால் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, நீண்ட நாள் உழைக்கும்.

பெயரைப் பார்த்து ஏமாற வைக்கும் மாடல்களும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3060-ல் 8 ஜிபி மாடல் ஒன்று இருக்கிறது. நினைவகம் மட்டுமல்ல, நினைவகப் பாதையும் குறுகலானது, வேகமும் குறைவு. ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி என்பது 3050 8 ஜிபியின் தம்பி அல்ல, உள்ளே கோர்களே (கணக்கிடும் அலகுகள்) குறைவு. ஆனால் அது 70 வாட்டில் ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடுவதால், தனிக் கேபிள் இல்லாத பழைய அலுவலகக் கம்ப்யூட்டரில் போட அருமையானது. ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் 2048எஸ்பி என்ற சின்ன எழுத்து இருந்தால் அது உண்மையில் ஆர்எக்ஸ் 570.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், ஃபிரேம் ஜெனரேஷன் ஆகிய மூன்றும் நீங்கள் விட்டுப்போன பிறகு வந்தவை. முதல் இரண்டும் குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கித் தருபவை. 1080பி-யில் குவாலிட்டி என்று வைத்தால் உள்ளே 720பி-யில்தான் வரையப்படுகிறது. 1080பி திரையில் டிஎல்எஸ்எஸ் பரவாயில்லை ரகம், எஃப்எஸ்ஆரின் பழைய பதிப்புகளில் இலைகளும் வேலிகளும் நடுங்கும். ஆர்எக்ஸ் 9000 வரிசையில் வரும் எஃப்எஸ்ஆர் 4 வெகுவாக முன்னேறியது. ஃபிரேம் ஜெனரேஷன் இரண்டு உண்மைப் படங்களுக்கு நடுவே ஒரு கற்பனைப் படத்தைச் செருகுகிறது. 60 எஃப்பிஎஸ்ஸை 100 ஆக்க நல்லது. 30-ஐ 60 ஆக்கினால் படம் வழுக்கும், கை சொல்வதைக் கேட்காது. கார்டு விளம்பரத்தில் "இத்தனை மடங்கு வேகம்" என்று போடுவது பெரும்பாலும் இதைச் சேர்த்துத்தான். விளம்பர வரைபடத்தின் கோடுகளை ஒப்பிட்டு வாங்காதீர்கள்.

பிராசசருக்கு மூன்று வழி.

ஏஎம்4 சாக்கெட்டில் (பிராசசர் உட்காரும் இடம்) ரைசன் 5 5600, பி550 போர்டு, டிடிஆர்4 ரேம். 6 கோர், 12 திரெட், 65 வாட், பெட்டியிலேயே கூலர். 2025 கடைசியில் ரேம் விலை உலகம் முழுக்க ஏறிய பிறகு, கையில் டிடிஆர்4 இருப்பவருக்கும் செகண்ட் ஹேண்டில் டிடிஆர்4 கிடைப்பவருக்கும் இதுவே மலிவான நல்ல வழி. இங்கே ஒரு பள்ளம்: ரைசன் 5 5500. பெயரில் நூறுதான் குறைவு, ஆனால் அது வேறு சிப். எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பிக்குப் பதில் 16, பிசிஐஇ 4.0-க்குப் பதில் 3.0. பி550 போர்டில் போட்டாலும் கார்டு 3.0 வேகத்தில்தான் ஓடும். 8 லேன் கார்டோடு சேர்த்தால் மேலே சொன்ன இடி இங்கேதான் விழும். போர்டு பக்கமும் அப்படியே: பி450, ஏ520 இரண்டும் 3.0.

இன்டெலில் ஐ5 12400எஃப், எல்ஜிஏ 1700 சாக்கெட். 6 கோர், 12 திரெட், கார்டுக்கு முழு 16 லேன். பி760 போர்டில் டிடிஆர்4 மாடலும் டிடிஆர்5 மாடலும் ஒரே பெயரில் இருக்கும். ஒன்றின் ரேம் மற்றதில் ஏறாது, வெட்டு இடம் மாறுபடும். போர்டின் முழுப் பெயரில் "டி4" என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எச்610 போர்டும் வேலை செய்யும்; இரண்டே ரேம் ஸ்லாட், பெரும்பாலும் ஒரே எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியைப் போர்டில் நேராகச் செருகும் இடம்). எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். செகண்ட் ஹேண்டில் 13, 14-ம் தலைமுறை ஐ7, ஐ9 ஆசை காட்டினால் கவனம். அவற்றில் அதிக மின்னழுத்தத்தால் சிப் மெல்லச் சேதமாகும் குறை இருந்தது. இன்டெல் 2024-ல் மைக்ரோகோடு (பிராசசரின் உள் கட்டளைகள்) திருத்தங்கள் வெளியிட்டது. திருத்தம் புதிய சேதத்தைத் தடுக்கும், ஆன சேதத்தை ஆற்றாது. முந்தைய சொந்தக்காரர் பயோஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) எப்போது புதுப்பித்தார் என்று உங்களுக்குத் தெரியப் போவதில்லை. 12400எஃப் போன்ற 12-ம் தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

மூன்றாவது ஏஎம்5: ரைசன் 5 7500எஃப் அல்லது 7600, பி650 போர்டு, டிடிஆர்5. செலவு கூடும், ஆனால் நான்கு வருஷம் கழித்துப் போர்டை மாற்றாமல் பிராசசர் மட்டும் மாற்றலாம். மற்ற இரண்டு சாக்கெட்டுகளுக்கும் புதுத் தலைமுறை இனி வராது. எல்லாவற்றையும் புதிதாக வாங்கப் போகிறவர், ரேம் விலை சமாளிக்கும்படி இருந்தால், இதையே எடுக்கலாம். ஜி என்று முடியும் 8500ஜி, 8600ஜி பிராசசர்களைத் தனிக் கார்டோடு சேர்க்க வேண்டாம். கார்டுக்கு அவை கொடுப்பது முறையே 4 லேனும் 8 லேனும்தான்.

ரேம் 16 ஜிபி கட்டாயம், 32 இருந்தால் நிம்மதி. எப்போதும் இரண்டு துண்டாக வாங்குங்கள். ஒரே 16 ஜிபி துண்டு என்றால் பாதை பாதியாகும், பிராசசரை நம்பியிருக்கும் விளையாட்டுகளில் எஃப்பிஎஸ் கண்கூடாக விழும். டிடிஆர்4 என்றால் 3200 சிஎல்16 அல்லது 3600 சிஎல்18 (முதல் எண் வேகம், சிஎல் என்பது தாமதம்). ஏஎம்5-க்கு 6000 சிஎல்30. விலை இடித்தால் 5600. டிடிஆர்5-ல் நான்கு துண்டு போட்டால் வேகத்தை வெகுவாகக் குறைத்தால்தான் நிலையாக நிற்கும், அதனால் "இப்போது இரண்டு, பிறகு இரண்டு" என்ற பழைய திட்டம் அங்கே செல்லாது.

எஸ்எஸ்டி 1 டிபி, என்விஎம்இ (பிசிஐஇ பாதையில் ஓடுவது), டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட்) வகை. நொடிக்குப் பிசிஐஇ 3.0-வின் 3500 எம்பியும் 4.0-வின் 7000 எம்பியும் விளையாட்டு திறக்கும் நேரத்தில் ஓரிரு விநாடிதான் வித்தியாசம் காட்டும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறவருக்கு இரண்டுமே வேறு உலகம். 5.0-க்குப் பணம் போடாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குவதானால் ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. ஜிபியு-இசட் மென்பொருளில் கோர் எண்ணிக்கை, நினைவகப் பாதை அகலம், லேன் மூன்றையும் அந்த மாடலின் உண்மை விவரத்தோடு ஒப்பிடுங்கள். கார்டின் பயோஸை மாற்றிப் பெயரை உயர்த்திய போலிகள் இங்கேதான் சிக்கும். பிறகு 20 நிமிடம் முழுச் சுமை. வெப்பம் எங்கே நிற்கிறது, ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) சராசரியைவிட எவ்வளவு மேலே இருக்கிறது என்று பாருங்கள். இடைவெளி 25 டிகிரியைத் தாண்டினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அது சரி செய்யக்கூடியது. திரையில் புள்ளிகள், கோடுகள், சதுரங்கள் வந்தால் நினைவகம் போய்க்கொண்டிருக்கிறது. எந்த விலைக்கும் வேண்டாம். ஸ்க்ரூவில் ஒட்டிய சிறு வட்ட ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை, காரணம் மட்டும் கேளுங்கள்.

பூட்டும் வரிசைக்கு வருவோம். போர்டை அதன் அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், ரேம், கூலர் மூன்றையும் வெளியிலேயே பொருத்துங்கள். ஏஎம்4-ல் முள் பிராசசரின் அடியில் இருக்கும்: நெம்புகோலைத் தூக்கி, முக்கோணக் குறியைப் பொருத்தி, கையை விட்டால் தன் எடையிலேயே உட்காரும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள், முள் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். எல்ஜிஏ 1700, ஏஎம்5 இரண்டிலும் முள் போர்டில் இருக்கும். நெம்புகோலை மூட நல்ல பலம் வேண்டும், நெறுநெறு என்று சத்தம் வரும், அது இயல்பு. மேலே இருக்கும் கருப்பு பிளாஸ்டிக் மூடி அப்போது தானாகவே கழன்று வரும். அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், வாரண்டிக்குப் போர்டைத் திருப்பினால் கேட்பார்கள்.

ரேம், நான்கு ஸ்லாட் போர்டில், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும். ஏ2, பி2 என்று போர்டில் அச்சிட்டிருக்கும். எம்.2 எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, படுக்க வைத்து, ஸ்க்ரூவை மெல்லத் திருகுங்கள். போர்டின் ஹீட்சிங்க்கை அதன் மேல் மூடும் முன் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரியுங்கள். கூலரின் அடியிலும் அதே தாள் இருக்கும். உரிக்காமல் பூட்டினால் கம்ப்யூட்டர் ஓடும், விண்டோஸ்கூட ஏறும், விளையாட்டு தொடங்கியதும் 95 டிகிரி காட்டும். ரைசன் 5600 உடன் வரும் கூலருக்கு ஏஎம்4 போர்டின் மேலுள்ள இரண்டு பிளாஸ்டிக் பிடிகளையும் கழற்ற வேண்டும். கழற்றியதும் போர்டின் பின்தகடு விழுந்துவிடும், கையால் தாங்கிக்கொண்டு நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தெர்மல் பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருந்தால் மேலும் வேண்டாம். விசிறி வயர் "சிபியு ஃபேன்" என்று எழுதிய முனையில்தான். வேறு இடத்தில் செருகினால் பயோஸ் எச்சரிக்கை கொடுத்து நின்றுவிடும்.

இங்கே, கேபினெட்டுக்குள் போகும் முன்பே, எஸ்எம்பிஎஸ்ஸையும் கார்டையும் மாட்டி ஒரு முறை உயிர் இருக்கிறதா பார்த்துவிடுங்கள். போர்டில் பவர் ஸ்விட்ச்சுக்கான இரண்டு முள்ளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் போதும். பயோஸ் திரை வந்தால் பாதி வேலை முடிந்தது. உள்ளே எல்லாம் கட்டி, வயரை மறைத்து, மூடியைத் திருகிய பிறகு தெரிய வரும் குறைக்கு இரண்டு மணி நேரம் போகும்.

கேபினெட்டில், போர்டின் யுஎஸ்பி, எச்டிஎம்ஐ முனைகளைச் சுற்றி வரும் பின்பக்கத் தகடு முதலில், பிறகு போர்டு. போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் பித்தளைக் கால் எதுவும் நிற்கக் கூடாது. அது போர்டின் அடியில் உரசி ஷார்ட் ஆகும். மேல் மூலையில் போகும் பிராசசர் மின் கேபிளைப் போர்டைத் திருகும் முன்பே அந்த ஓட்டை வழியாக இழுத்து விடுங்கள், பிறகு கை நுழையாது. அந்த கேபிள் 4+4 எனப் பிரியும், கார்டு கேபிள் 6+2 எனப் பிரியும். இரண்டுக்கும் எட்டு முனைதான், மாற்றிச் செருகப் பலம் பிரயோகிக்காதீர்கள். கார்டு மேலே உள்ள முதல் நீள ஸ்லாட்டில். கீழேயுள்ள நீள ஸ்லாட் பெரும்பாலும் 4 லேன்தான். காற்றுக்கு முன்னால் இரண்டு விசிறி உள்ளே ஊத, பின்னால் ஒன்று வெளியே தள்ள, அவ்வளவு போதும்.

முதல் முறை ஆன் செய்யும்போது டிடிஆர்5 போர்டு பல நிமிடம் கருந்திரையோடு நிற்கும். ரேமைப் பழக்கிக்கொள்கிறது, விசிறி சுற்றுகிறது, படம் வரவில்லை என்று பதறி மின்சாரத்தைத் துண்டித்தால் மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிடம் பொறுங்கள்.

பயோஸில் செய்ய வேண்டியவை. புது பதிப்பு இருந்தால் முதலில் அதை ஏற்றுங்கள். ரைசன் 5000-ஐ அடையாளம் தெரியாத பழைய பி450, பி550 போர்டுகள் இன்னும் சுற்றுகின்றன. வாங்கும்போதே பயோஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ளதாகப் பார்த்தால் பிராசசர் இல்லாமலேயே ஃபேட்32 முறையில் அமைத்த பென்டிரைவ் கொண்டு புதுப்பிக்கலாம். அடுத்து எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ, அதாவது ரேமை அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட்டும் அமைப்பு. இதை ஆன் செய்யாவிட்டால் 3600 ரேம் 2133-லோ 2666-லோ ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் எச்சரிக்க மாட்டார்கள். ரீசைசபிள் பார் ஆன். சிஎஸ்எம் (பழைய முறையில் தொடங்கும் வசதி) ஆஃப். டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருப்பது), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடுவது) ஆன். வேலரன்ட், பேட்டில்ஃபீல்டு 6 போன்ற விளையாட்டுகள் செக்யூர் பூட் இல்லாமல் உள்ளே விடாது. இவற்றை விண்டோஸ் நிறுவும் முன்பே செய்துவிட்டால் டிஸ்க் தானாகவே ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறையில் அமையும். பிறகு செய்தால் மாற்றியமைக்க வேண்டி வரும். இன்னொரு எச்சரிக்கை: பின்னாளில் பயோஸ் புதுப்பித்தால் டிபிஎம் அழிந்து விண்டோஸ் பிட்லாக்கர் (டிஸ்க் பூட்டு) சாவி கேட்கலாம். அந்த 48 இலக்கச் சாவியை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

விண்டோஸ் 11 நிறுவும்போது இணையம் கேட்கும். போர்டின் நெட்வொர்க் சிப்பை அதற்குத் தெரியாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். போர்டின் நெட்வொர்க் கேபிள், வைஃபை இரண்டுக்குமான டிரைவரை இன்னொரு கம்ப்யூட்டரில் இறக்கிப் பென்டிரைவில் வைத்திருங்கள். நிறுவியதும் சிப்செட் டிரைவர், பிறகு கார்டு டிரைவர். திரை 144 ஹெர்ட்ஸ் என்றாலும் விண்டோஸ் 60-லேயே விட்டிருக்கும், டிஸ்ப்ளே அமைப்பில் கையால் மாற்ற வேண்டும்.

படமே வரவில்லை என்றால் முதலில் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். போர்டின் எச்டிஎம்ஐயில் செருகிவிட்டு எஃப் பிராசசரோடு மல்லுக்கட்டுவது அடிக்கடி நடப்பது. கார்டில்தான் செருக வேண்டும். அடுத்து போர்டின் ஓரத்தில் எரியும் சிறு விளக்கு. டிராம் என்ற இடத்தில் நின்றால் ரேமைக் கழற்றி இரண்டு பக்கமும் கிளிக் என்று சத்தம் வரும்வரை மறுபடி அழுத்துங்கள். பிறகும் வராவிட்டால் ஒரே துண்டை ஏ2-வில் வைத்துப் பாருங்கள். சிபியு விளக்கு என்றால் மேல் மூலை மின் கேபிள் செருகவில்லை, அல்லது பயோஸ் பழையது. விஜிஏ என்றால் கார்டின் மின் கேபிள். எதற்கும் அசையவில்லை என்றால் சிமாஸ் (பயோஸ் அமைப்புகள் சேமித்திருக்கும் நினைவகம்) அழித்துத் தொடங்குங்கள்.

படம் வந்து, விளையாட்டு மட்டும் நடுவில் சொல்லாமல் மூடிக்கொண்டால் எல்லோரும் கார்டு டிரைவரைத்தான் சந்தேகிப்பார்கள். முதல் சந்தேகம் ரேம் மேல் இருக்கட்டும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ நான்கு சுற்று ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். எக்ஸ்எம்பியை அணைத்ததும் பிழை நின்றால் பெரும்பாலும் ரேம் கெட்டதல்ல, அந்த வேகம் இந்தப் பிராசசருக்கு ஒத்துவரவில்லை. 3600-ஐ 3200-க்கும், 6000-ஐ 5600-க்கும் இறக்கி மறுபடி சோதியுங்கள். எக்ஸ்எம்பி அணைந்திருக்கும்போதும் பிழை வந்தால் துண்டை ஒவ்வொன்றாக வைத்துச் சோதித்து, கெட்டதை வாரண்டிக்கு அனுப்புங்கள். இரண்டு துண்டும் ஒரே பெட்டியில் வந்தவை என்றால் ஜோடியாகத்தான் திருப்பி வாங்குவார்கள். நல்ல துண்டையும் சேர்த்தே அனுப்ப வேண்டியிருக்கும்.